கொட்டியவர்

கோத்தகிரி ரோட்டில் மெக்கஹட்டி வளைவு.
'குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்'
அந்தப் பலகையும் சரிவில்தான் கிடக்கிறது,
எழுத்து வானத்தைப் பார்த்தபடி.

கயிறு கட்டி இறங்குகிறோம்.
தடயம் வேண்டுமாம் அலுவலகத்துக்கு:
பெயர், தேதி, இரண்டு புகைப்படம்.
கொட்டியவனைப் பிடிக்க
கொட்டியதைப் படிக்க வேண்டும்.

கையுறை ஒரே ஜோடி.
வலது எனக்கு, இடது யோகமலருக்கு.
அவள் இடக்கைக்காரி.

மூட்டையைக் கிழிக்கிறாள்.
தேனிலவு அறையின் கறுத்த ரோஜாக்கள்,
ஊசி, ஊசி, குளுக்கோஸ் குழாய்,
யாருக்கோ நாற்பதாவது பிறந்தநாள்.
கேக் அட்டையில் பாதியைக்
காட்டுமாடு தின்றிருக்கிறது.
பக்கத்திலேயே அதன் சாணம்,
உள்ளே ஒரு பால் பாக்கெட்,
நீல எழுத்து அழியாமல்.

ஒரு பில் கிடைத்தது.
பெயர் கரைந்துவிட்டது.
அறை எண் மட்டும் 204.

கீழே ஓடையில்
பெள்ளிராஜ் கேரட் கழுவுகிறார்.
சரிவு கறுப்பாய் வியர்த்து
அங்கேதான் வடிகிறது.
கேரட் மேலேறி வரும்,
விடுதிகளில் அல்வாவாகும்.

சாயங்காலத்துக்குள் பதினேழு மூட்டை.
அதில் மூன்றில்
சோதனைச் சாவடியில் பிடுங்கிய
தண்ணீர் பாட்டில்கள்.
கட்டு அவிழாமல்,
நம் முத்திரையோடு.

யோகமலர் ஒன்றும் சொல்லவில்லை.
முத்திரையை எச்சில் தொட்டுத் துடைத்துக்
கேமராவுக்கு நேரே பிடித்தாள்.

பனி ஏறி வந்து
சரிவை மூடியது, பிறகு வண்டியை,
வண்டியில் எழுதிய பேரூராட்சி என்பதை.

படிவத்தில் 'கொட்டியவர்' கட்டம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எழுதினேன்.
ஈரத்தில் மசி பரவியிருக்கிறது.
வாசிக்க முடிகிறது.