மூன்று மில்லிமீட்டர் சிவப்பு

மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
ஓடினால் நாடா தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.
தண்டையார்பேட்டை, மூன்றாவது மாடி, மே மாதம்.
வேர்வை இறக்கையில் சொட்டாதிருக்க
நெற்றியில் ஒரு கைக்குட்டை.

மஞ்சள் இறக்கை, நூற்று நாற்பது சென்டிமீட்டர்.
அதன்மேல் மூன்று மில்லிமீட்டரில் சிவப்புக் கோடு,
கீழே ஒரு மில்லிமீட்டர் கறுப்பு,
இரண்டுக்கும் நடுவே
தீக்குச்சி அகலத்தில் இடைவெளி.
சொல்ல இவ்வளவுதான்.

பகலில் எனக்கு மணலியில் எடைமேடை.
இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி,
பத்துக் கிலோ முன்னே பின்னே இருந்தால்
இயந்திரம் கண்டுகொள்ளாது.
இங்கே சமையல் தராசில் வைக்கிறேன் நாடாவை:
இரண்டு கிராம்.
வாலில் ஒரு கிராம் கூடினால்
மூக்கில் மூன்று கிராம் ஈயம் கேட்கும் விமானம்.
அழகுக்கும் சுமைகூலி உண்டு.

பெட்டி லாரி போகும்போதெல்லாம்
மேசை நடுங்குகிறது,
தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாய்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே
எண்ணி வைத்திருக்கிறேன், பதினொரு வினாடி.
துறைமுக கேட்டை அடைத்துவிட்டால்
ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கும்.
அதற்குள் அடியிலிருந்து நுனிக்கு
ஒரே மூச்சில் போய்ச் சேரவேண்டும்.
நின்ற இடத்தைக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டைவிரலைப் பார்க்கக் கூடாது,
போய்ச் சேரும் புள்ளியைப் பார்க்கவேண்டும்.
ஸ்கூட்டி ஓட்டப் பழகியதும் இப்படித்தான்.
காசிமேட்டில் ஐஸ் வண்டிமேல் போய் முட்டியதும்
இப்படித்தான்.

இடது இறக்கை அமைந்துவிட்டது.
வலதில் முக்கால் தூரத்தில் நாடா நெளிந்தது.
லாரி வரும் சத்தம்.
இழுத்தேன்.
இழுத்ததும் நேராயிற்று,
நகத்தால் தேய்த்தேன், புது பிளேடால் நுனியை அறுத்தேன்,
மஞ்சள் தாளில் கீறல் விழவில்லை.
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன்.
இரவு இரண்டு மணிக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும்.

ஞாயிறு, எண்ணூர்ப் பக்கம், சாம்பல் படிந்த திடல்.
பெலிக்ஸ் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுகிறான்.
விமானம் அரை மணி நேரம் வெயிலில் கிடந்தது.
நான் இழுத்த நீளத்தை
வெயில் திருப்பிக் கேட்டது.
நுனியிலிருந்து ஒரு நகக்கண் அளவு
சிவப்பு பின்வாங்கியிருந்தது,
அந்த இடத்தில் பசை, பசையில் சாம்பல்.
‘மேல போனா எவனுக்குத் தெரியப்போவுது’ என்றான்.

மேலே போனது.
மூன்றாவது சுற்றில் வலப்பக்கக் கோடு
பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது.
கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுப் பையன்கள் கத்தினார்கள்:
‘அக்கா, உங்க பிளேனுக்கு வாலு மொளைச்சிருக்கு!’
இறங்கும்போது வாலும் இல்லை, கோடும் இல்லை.
மஞ்சளில் கோடு இருந்த இடம் மட்டும்
கொஞ்சம் சுத்தமாக.

அடுத்த வாரம்
தமீம் என்கிற இடதுகைக்காரன் பேட்டில்
என் சிவப்பைப் பார்த்தேன்.
பிடியைச் சுற்றிச் சுற்றி, சுருக்கமே இல்லாமல்,
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடைவெளி.
பசையில் ஒட்டிய மணலைக் கழுவியிருந்தான்போல.

‘இழுத்துச் சுத்துனியா?’
‘நான் எங்கக்கா சுத்துனேன்?
டேப்ப சும்மா புடிச்சிக்கினு
பேட்ட உருட்டுனேன்.’

இறக்கையை உருட்ட முடியாது.
இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி
நாடாவை ஒரு கையில் தளரப் பிடித்துக்கொண்டு
இறக்கையை அதன் அடியில் மெல்ல நகர்த்தினேன்,
படகைக் கரையோரம் தள்ளுவதுபோல.
தானாக வந்து படுத்துக்கொண்டது சிவப்பு.

லாரியை எண்ண மறந்திருந்தேன்.
நடுவில் ஓரிடத்தில் மிகச் சின்ன நெளிவு.
எங்கே என்று பெலிக்ஸிடம் சொல்லப்போவதில்லை.