மைலோ தகடு

பீடோர் பசார் மாலாமுக்குப் பின்னால்,
செம்பனை லோரிகள் நிற்கும் திடலில்
விட்டுப்போனது பதினைந்தே நிமிடம்.
கைப்பிடிக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் குத்து.
என் பக்கக் கதவு சம்மதிக்க
மற்ற மூன்றும் 'டக்'கென்று தலையாட்டியிருக்கின்றன.

போனது டோல் கார்டு, சில்லறை டப்பா,
மகளின் இடதுகால் சப்பாத்து.
வலதுகால் சீட்டுக்கடியில் பதுங்கித் தப்பியது.

ஆ லெக் மைலோ டின்னை வெட்டித் தகடாக்கி
பூட்டுக்குப் பின்னால் ரிவெட் அடித்தான்.
கதவின் வயரையும் கத்தரித்துவிட்டான்.
"ஒருத்தன் மாட்டினாலும்
மத்தவன் வாய் திறக்கமாட்டான், காக்கா."
நாற்பது வெள்ளி.

நேற்று விடிகாலை,
ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால்
கைப்பிடியடியில் புதுக் கீறல்.
தகடுவரை வந்து திரும்பிப் போயிருக்கிறான்.
எனக்கு நானே
ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மதியம் பள்ளிக்கூட வாசலில் மழை.
கவினிசை கண்ணாடியைத் தட்டுகிறாள்.
பழைய ஞாபகத்தில் பொத்தானை
அழுத்துகிறேன், அழுத்துகிறேன்.
பெல்ட்டை அவிழ்த்து, கியருக்கு மேல் சாய்ந்து
கை எட்டுவதற்குள்
புதுச் சப்பாத்து இரண்டிலும் தண்ணீர்.

பையைத் தூக்கிப் போட்டு ஏறியவள் கேட்டாள்:
"நானாம்மா திருடன்?"