எட்டுக்கு அடுத்தது

சோற்றுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான்.
ரொட்டி சானாய், தே தாரிக், கூட ஒரு வடை என்று
மனக்கணக்கு போட்டுத்தான் கேட்பார்கள் அந்தப் பையன்கள்.
"எவ்வளவு... அக்கா?"
அக்காவில் ஓர் இழுப்பு.
எவ்வளவென்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
எட்டு வெள்ளி, மேலே ஒரு வெள்ளி என்பேன்.
மேசை தட்டிச் சிரிப்பார்கள்.
முதலாளி டிவியில் வானிலை பார்ப்பார்.

பிறகு மலாயில் சொல்லப் பழகினேன்:
செம்பிலான்.
அந்த மொழியில் அது வெறும் எண்.
அட, இந்த மாநிலத்துக்கே அதுதானே பேர்,
நெகிரி செம்பிலான்.
சிரம்பானிலிருந்து எங்கள் பகாவ் வரை
பள்ளிக்கூடப் பலகையும் தபாலாபீஸ் முத்திரையும்
ஒன்பது ஒன்பது என்று உரக்கச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.
ஒரு பயல் சிரிப்பதில்லை.

பத்தரைக்கு ஷட்டர் இறங்கும்.
இந்த ஊரின் கேமராக்கள் எனக்கு மனப்பாடம்:
அடகுக்கடை, கைப்பேசிக் கடை, ஆ லெக்கின் டயர் கடை.
கண்ணிலிருந்து கண்ணுக்கு நடப்பேன்,
வண்டிகள் எதிரே வரும் பக்கமாக,
வார் வைத்த தட்டைச் செருப்பில்
(குதிகால் செருப்பு ஓட உதவாது என்பதை
சுவர்ணா கால் பிசகித் தெரிந்துகொண்டாள், எங்களுக்கும் சேர்த்து).
தண்டவாளம் தாண்டினால் கண்கள் தீர்ந்துபோகும்.
அப்புறம் செம்பனை.
நானூற்றுப் பன்னிரண்டு எட்டு.
நடைக்கும் எட்டு என்றுதான் பேர் வைத்திருக்கிறோம்.
எட்டுக்கு அடுத்தது என்னவென்று
ஓலைக் குவியலில் எலி ஓடும்போதெல்லாம் தோன்றும்.

தாழ்ப்பாள் போட்டதும் குழுவில் ஒரு சொல்:
வந்துட்டேன்.
ஐந்து பேர், ஐந்து வந்துட்டேன்.
ஐந்தும் விழும்வரை யாரும் தூங்கக்கூடாது.

புதன்கிழமை நான்குதான் விழுந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசியை எடுத்தேன்.
ஆபத்தென்றால் அழுத்தச் சொல்லி
பள்ளியில் சொல்லித்தந்த எண்ணைப் பாருங்கள்,
அதே இலக்கம், மூன்று தடவை.
எங்களை எறிந்த கல்லையே
மூன்று முறை பொறுக்கித்தான்
உதவி கேட்க வேண்டும் இந்த நாட்டில்.
பொறுக்கினேன்.

லோங்காங் ஓரம் கிடந்தாள்.
ஹெல்மெட்டால் அடித்திருந்தார்கள்.
வாய் திறக்கவில்லை.
ஆனால் போகும் மோட்டாரின் பின்புறத்தைப் பார்த்திருக்கிறாள் பாவி மகள்.
என் உள்ளங்கையை இழுத்து விரலால் எழுதினாள்.
எழுத்துகள், ஓர் ஏழு.
அப்புறம் ஒரு வட்டம், ஒரு வால்.
மறுபடி ஒரு வட்டம், ஒரு வால்.

போலீஸ் பாலாயில் நம்ம ஆள்தான், கோப்ரல்.
அவள் ஐசியை வாங்கி உரக்கப் படித்தார்,
அனாக் லெலாக்கி என்ற இடத்தில் நிறுத்தி
அடுத்த மேசையைப் பார்த்தார்.
"சரி, மோட்டார் நம்பர் சொல்லு."

செம்பிலான் என்றிருக்கலாம்.
அவர் கேட்டது தமிழில்.
எழுத்துகளைச் சொன்னேன். ஏழு சொன்னேன்.
ஒன்பது.
அவர் உதட்டோரம் அசைந்தது.
பேனா அசையவில்லை.
ஒன்பது, சார். எழுதுங்க.
பக்கத்துல இன்னொரு ஒன்பது.

எழுதினார்.
அந்தத் தாள் நாலாய் மடிந்து என் பையில் கிடக்கிறது.
போன வாரம் கேட்டேன், கோப்ரல் விடுப்பாம்.

பையன்கள் சனிக்கிழமை வந்தார்கள்.
எவ்வளவு அக்கா?
ஒன்பது வெள்ளி, சில்லறையா குடு என்றேன்.
ஒருவன் சிரித்தான்.
ஒருவன் நிஜமாகவே சில்லறை தேடினான்.

இரவு ஷட்டர், கேமரா, தண்டவாளம்,
நானூற்றுப் பன்னிரண்டும் அப்படியே இருந்தன.
தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பார்த்தேன்.
நான்கு விழுந்திருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து,
இடக்கையால், எழுத்துப் பிழையோடு,
எங்கும் போகாதவள் அனுப்புகிறாள்:
வந்துடேன்.

ஐந்து.
இருந்தும் விளக்கை அணைக்கவில்லை.