உயிர்ச் சான்று

மரின் வீதி, கொன்சுலா வாசலுக்கு எதிர்ச்சாரி,
பூவரச மர நிழல் என் ஆபீஸ்.
ஒரு மேசை, மடக்குப் பெஞ்சு, ஊதா மைத்திண்டு.
சண்டைக்குப் போய்த் திரும்பாத சொல்தாக்களின் பெண்டாட்டிகள்
இன்னும் சாகவில்லை என்று
வருஷா வருஷம் எழுதித் தரவேண்டும், பென்ஷனுக்கு.
நான் எழுதுவேன்.
சிலருக்குக் கட்டைவிரலைப் பிடித்து உருட்டுவேன்.
சிலரிடம் 'நீயே உருட்டு' என்பேன்.
எந்தச் சிலர் என்று கேட்காதீர்கள்.

எழுபத்துநாலில் கோதாவரி டீச்சர் வந்து
என் பிழைப்பில் மண் போட்டாள்.
இருபத்துமூன்று வயசு, ஆண்பிள்ளை சைக்கிள்.
உப்பளத்தில், கோயில் பின்கட்டில்
பெட்ரோமாக்ஸ் ஏற்றிப் பாடம்.
அ, ஆ கிடையாதாம்.
முதல் நாளே பலகையில் 'தண்ணீர்'.
குழாய் இல்லாத தெருவுக்கு வேறென்ன முதல் பாடம் என்றாளாம்.
மூன்றாம் மாதம் அந்தத் தெரு
தானே மனு எழுதிக்கொண்டு முனிசிபாலிட்டிக்குப் போனது,
என் மரத்தைத் தாண்டி.

லூர்தம்மாளும் அந்தத் தெருதான்.
ஐம்பத்தொன்றில் தோங்கினிலிருந்து ஒரு கடுதாசி,
சவரிராயனோடு நின்ற எவனோ பென்சிலில் எழுதியது.
வாசிக்கச் சொல்லி வந்தாள். வயிற்றில் ஏழு மாசம்.
வாசித்தேன்:
'ஒரே குண்டு. நெஞ்சில். வலி தெரியவில்லை.'
கூலி நாலு பணம்.
தரையில் வைத்தாள்,
தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது அதே கடுதாசி,
மடிப்பில் நூல் நூலாய்.
நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினாள், விரல் வைத்து:
'வயல் சேத்துல மூணு நாள் கெடந்தாரு.
எங்களால கிட்டப் போக முடியல.
ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தாரு,
த... ண்... ணீ...'
'ர்' வருவதற்குள்
ஒரு ரிக்‌ஷா எங்களைக் கடந்து போய்விட்டது.

'உன் நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பித்தேன்.
'வாசிக்கத்தான கூலி வாங்குன?
வாசிக்கலையே.
நாலு பணத்தத் திருப்பிக் குடு.'

பணம் எல்லாம் செல்லாமல் போய் எத்தனை காலம்!
அரை ரூபாய்க் காசெடுத்து,
பழக்கம்,
தரையில் வைத்தேன்.

'கையில' என்றாள்.

குனிந்தேன், எடுத்தேன், கொடுத்தேன்.
அவள் உள்ளங்கை ரேகையெல்லாம் சாக்பீஸ் தூள்.
என் விரலிலும் கொஞ்சம் ஒட்டியது.
அன்றைக்கு அந்தக் கையால் சோறு தின்றேனா,
கழுவினேனா,
ஞாபகமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்த டிசம்பரில் கையெழுத்துப் போட்டாள்.
உள்ளே ஏற்கவில்லை.
பழைய காகிதத்தில் ரேகை, புதியதில் எழுத்து:
'இது வேற ஆள்.'
இருபது வருஷமாய்ப் பார்த்துவருகிற ஒருத்தர்
சாட்சி சொல்ல வேண்டுமாம்.

வந்தாள். கூடவே சைக்கிளைப் பிடித்தபடி டீச்சர்,
என் முகத்தைப் பார்க்காமல்.
பெஞ்சை இழுத்து
லூர்தம்மாள் உட்கார்ந்தாள். முதல் தடவை.
நான் எழுதினேன்:
இவரை எனக்குத் தெரியும்.
இவர்தான் அவர்.
உயிரோடு இருக்கிறார்.

ஐம்பது காசை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.
அதே காசா, தெரியாது,
ஐம்பது காசெல்லாம் ஒரே முகம்தான்.
கையில் கொடு என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.