வேதாளையில் பாவசங்கீர்த்தனம்

கோவாவிலிருந்து கடிதாசி வந்த அன்று
மெல்லோ சாமி குழலைத் துணியில் சுற்றினார்,
செத்த பிள்ளையைச் சுற்றுவது போல.
"கொச்சிக்குப் போகிற தோணியில் ஏற்று," என்றார்.
நான் ஏற்றவில்லை.
ஏற்றினாயா என்று அவரும் கேட்கவில்லை.

கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தவர் அவர்.
நான் கொடுத்ததெல்லாம்
சங்குக்கு வரி, பத்தில் ஒரு மீன்,
ஞானஸ்நானத்துக்கு என் தலை.
கண்ணை யாரும் கேட்கவில்லை.

கடிதாசியில் இருந்ததைக் கணக்கப்பிள்ளை சொன்னார்:
வானத்தில் உள்ளதெல்லாம் பூமியைத்தான் சுற்றும்,
வேறொன்றைச் சுற்றுமென்பவன்
யோசுவா நிறுத்திய சூரியனைப் பொய்யாக்குகிறவன்.
எழுதியவருக்குக் கடல் தெரியாது.
குந்துகால் முனைக்கு வெளியே நங்கூரம் போட்டுத் தூங்கட்டும்.
நடுச்சாமத்தில் விழித்தால்
அணியத்துக்கு நேரே நின்ற அறுமீன்
பிந்தலைக்கு வந்திருக்கும்.
வானமா திரும்பியது?
நீவாடு மாறியிருக்கும், தோணி திரும்பியிருக்கும்.
இதற்குப் போய் முத்திரை வைத்துக் கடிதாசியா?

சனிக்கிழமை சாயங்காலம்
பனையோலைத் தட்டிக்கு இந்தப்புறம் முழங்காலிட்டேன்.
"பொய் ரெண்டு, சாமி. சாராயம் ஒரு தடவை.
அப்புறம்,
பார்த்தேன்."

தட்டிக்கு அந்தப்புறம் மூச்சு நின்றது.
"எங்கே?"
"குருசடைத் தீவில். தோணியில் ஆடுகிறது.
மரச்சிலுவையின் கைமேல் குழலைச் சாய்த்து."
"எத்தனை?"
"வியாழனுக்குக் கிழக்கே மூன்று. மேற்கே ஒன்று."
வெகுநேரம் பேச்சில்லை.
வெளியே யாரோ வலை உதறுகிற சத்தம்.
"இனிச் செய்வாயா?"
"மேகம் இருந்தால் செய்ய மாட்டேன், சாமி."
"ஐந்து பிரியதத்தம் சொல்."
சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை,
ஓலைக்குப் பின்னால் எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அப்படி நாலு வருடம்.
கயித்தானைப் போல் பாவி வேதாளையில் இல்லை,
தவறாமல் வந்து சொல்கிறவனும் இல்லை என்று
கணக்கப்பிள்ளைக்கு ஒரே ஆச்சரியம்.
வியாழன் வெயிலுக்குள் மறைந்த மாதங்களில்
என்னிடம் பாவம் குறைந்தது.
சாமிக்குச் சோறு இறங்கவில்லை.
ஒருமுறை, "ரெண்டோ மூன்றோ, மங்கல்," என்றேன்.
"பார்த்ததைச் சொல்," என்று சீறினார்,
"ஆசைப்பட்டது வேறு பாவம். அதைத் தனியாகச் சொல்."
ஒவ்வொரு வாரமும் நான் சொல்லி முடித்ததும்
அந்தப்புறம் செபமாலை மணிகள் நகரும்.
எனக்காக மந்திரம் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

வாடை அடித்த மாசத்தில் வயிற்றுக்கடுப்பு கண்டது.
கஞ்சி நிற்கவில்லை, மருந்தும் நிற்கவில்லை.
காற்றுக்காகக் கட்டிலோடு தூக்கி
மணலில் வைத்தோம்.
உச்சியில் வியாழன்.
சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.
நோவு என்றார்கள்.
வெறுங்கண்ணுக்குக் கோவாவில் தடையில்லை,
ஆனாலும் மூடிக்கொண்டார்.

முன்னிரவிலேயே நான் தீவுக்குப் போய் வந்திருந்தேன்.
சாகப்போகிறவருக்குக் குறைத்துச் சொல்வானேன் என்று
காதருகே குனிந்து,
"நாலும் இருக்கு, சாமி," என்றேன்.

விரல் மணிகளில் நகர்ந்தது,
ஒரு மணியில் நின்றது,
இரண்டு மணி பின்னுக்குப் போனது.

"பொய்," என்றார், கண் திறக்காமல்.
"இன்றைக்கு மூன்றுதான். ஒன்று பின்னால் போயிருக்கும்.
வியாழன் சாயுமுன் வெளியே வரும்."
மூச்சு வாங்கியது.
"ஐந்து பிரியதத்தம்."

மூன்றாவதைச் சொல்லும்போது
தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.