தொண்ணூற்றொன்பது

சால்ட்டோவில் ஆறு இறங்கி ஒன்பதாம் நாள்.
கரையோரத் தெருக்களில் மெத்தைகள்
சுவரில் சாய்ந்து காய்கின்றன.
நகராட்சியின் இரண்டாம் மாடியில்
கால் நனையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஆறிப்போன மாத்தே. ஓடும் பதிவுகள். இரவு ஒன்றரை.

இழப்பீட்டு விண்ணப்பத்தின் அடியில்
ஒரு சிறு பெட்டி உண்டு:
‘சான்றுப் படத்தை இங்கே இணைக்கவும்.’
அந்தப் பெட்டியைச் செய்தவள் நான்.

யாரையும் நம்பாதே என்பதுதான்
எங்கள் தொழிலின் அரிச்சுவடி.
படம் என்று சொல்லி வருவது
படமாக இல்லாமல் போகலாம்.
பெயரின் வாலைப் பார்த்து ஏமாறாதே,
முதல் சில பைட்டுகளைப் பிரித்துப் பார்.
வந்தவர் வைத்த பெயரைக் கழற்றி
முப்பத்தாறு எழுத்தில் வேறு பெயர் சூட்டு.
தெருவுக்குத் திறக்காத அறையில் வை.
கிருமி தேடு.
எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளைத் துடை,
யார் வீடென்று யாருக்கும் தெரிய வேண்டாம்.
எல்லாம் செய்தேன்.
நோயெலியா படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தாள்.

வந்தன.
மிதக்கும் குளிர்பதனப் பெட்டி.
சேறு தின்ற தையல் இயந்திரம்.
யாருடைய கட்டைவிரலோ, திரை முழுக்க.
ஒரு நாய்
(இழப்பா, பிழைத்ததா, குறிப்பு இல்லை).
அப்புறம்
‘வில்மார் கதவு’ என்ற பெயரில் ஒரு படம்.
மறுபடியும் ‘வில்மார் கதவு’.
மறுபடியும்.

நாற்பத்தொரு தடவை.

ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சூட்டியிருக்கிறது என் நிரல்,
நாற்பத்தொரு பிள்ளை பெற்றவள் போல.
கைரேகை ஒப்பிட்டேன். எல்லாம் ஒரே பிள்ளை.
பச்சைக் கதவு. பூட்டுக்கு மேலே நீர்க்கோடு.
கோட்டைத் தொட்டுக் காட்டும் ஒரு விரல்,
விரலில் அழுக்கான கட்டு.

முதலில் இரண்டு நிமிட இடைவெளி,
பிறகு ஐந்து,
நடுவே ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை
(மின்சாரம் உள்ள வீடு தேடிப் போயிருப்பார்),
திரும்ப இரண்டு நிமிடம்.

என்ன நடந்ததென்று இப்போது தெரிகிறது.
படம் எங்களிடம் வந்து சேர்ந்துவிடும்.
அவர் திரையில் நீலப் பட்டை
தொண்ணூற்றொன்பதில் நிற்கும்.
கிருமி தேடுகிறவன் வரிசை நீளம்,
ஊரே படம் அனுப்புகிறதே.
முப்பதாவது நொடியில்
வாசலில் நிற்கும் சேவையகம் பொறுமை இழந்து
முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்:
‘பிழை. மீண்டும் முயலவும்.’
முயன்றார்.
சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

வாங்கிக்கொண்டோம், நாற்பத்தொரு தடவையும்.
வாங்கிக்கொண்டோம் என்று
ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் துப்புரவு நிரல் ஓடும்.
விண்ணப்ப எண் இல்லாத இணைப்புகளை அழிக்கும்.
அநாதைகள் என்று அவற்றுக்கு எங்கள் வழக்கில் பெயர்.
அதை முதலில் நிறுத்தினேன்.
வில்மாரைத் தேடலாமென்றால் தொலைபேசி எண் இல்லை,
‘சமர்ப்பி’ வரை அவர் போகவே இல்லை.
இருந்த ஒரே தடயம் படத்துக்குள் இருந்த இடம்.
அதை நன்றாகத் துடைத்திருந்தேன்.

முதலில் பதில் சொல், பிறகு சோதி.
பதினோரு வரி மாற்றம்.
இரண்டு நாற்பதுக்கு ஏற்றினேன்.
நோயெலியாவை எழுப்பவில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டு.
நாற்பத்திரண்டாவது கதவு வந்தது.
நூறு.
‘பெற்றுக்கொண்டோம்.’

மாத்தேக்கு வெந்நீர் வைக்க எழுந்தேன்.
உட்காருவதற்குள் இன்னொன்று:
‘வில்மார் சமையலறை’. ஏழு எம்பி.
வரம்பு ஐந்து.
நிராகரிக்கப்பட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறே அள்ளிப் போனதை
எந்த அளவையால் அளக்க?
மார்ச் மாதம் அந்த ஐந்தை எழுதியபோது
என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.
ஒன்றும் நினைக்கவில்லை.
விசைப்பலகையில் அது
விரலுக்குப் பக்கத்தில் இருந்தது.