வீட்டுக்காரி

மிடாலம் பங்கு அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை,
ஓகியில் நனைந்து உப்பிப்போன பதினொரு பதிவேடுகள்.
குடிலுக்கு ஓலை வெட்டிக்கொண்டிருந்த பையன்கள்
ஒரு வெள்ளைக்காரியைக் கூட்டிவந்து விட்டுப்போனார்கள்.

வெள்ளைக்காரி என்று சொன்னது தப்பு.
காது மட்டும் எங்கள் கடற்கரைக் காது.
பெயர் யாஸ்னா வறுவேல்.
குரோவேசியா, பிராச் தீவு, கல் உடைக்கிற ஊர்.
அப்பாவின் பெயரை அங்கே
குடும்பப் பெயராக்கிவிட்டார்கள்.

பேசியது அவளுடைய போன்,
செய்தி வாசிக்கிறவளின் தமிழில்:
"வணக்கம் ஐயா. என் தந்தையின் வேர்களைத் தேடுகிறேன்."
வேர் என்றால் மரச்சீனியா என்று கேட்க இருந்தேன்.
அதற்குள் ஒரு தாளை வைத்தாள்.
முத்திரை, மார்ச் ஒன்பது என்று ஒரு தேதி.
இறந்து இரண்டு வருடமாம்.

ஒரு நோட்டும் இருந்தது.
சாளை. நெத்தோலி. வள்ளம்.
அடுக்களையில் அவர் சொன்னதையெல்லாம்
அவள் எழுத்தில் பிடித்துவைத்தது.
வடகிழக்கில் மலை இறங்கிவரும் காற்றுக்கு
அவர்கள் ஊரில் பூரா என்று பெயர்.
அப்பா மட்டும் வாடை என்பாராம்,
சன்னலைச் சாத்திக்கொண்டே.
பிறகு, லூசியா திருநாளில் தட்டில் கோதுமை விதைப்பது,
கிறிஸ்மசுக்குள் அது பச்சையாய் எழும்புவது.
"இந்த வழக்கம் அம்மா வழியா, அப்பா வழியா?"
வெளியே பையன்கள் குடிலுக்கு முளைக்கப்போட்ட
கேழ்வரகுத் தட்டுகளைக் காட்டினேன்.
அவளுக்கு அதில் பதில் கிடைக்கவில்லை. எனக்கும்தான்.

மூன்றாம் பதிவேடு. திருமுழுக்கு, 1954.
வறுவேல். தகப்பன் சூசைமிக்கேல், மீன்பிடி.
விரலால் தொட்டுப் பார்த்தாள்.
ஏழாம் பதிவேடு. இறப்பு, 1979 ஆகஸ்ட்.
வறுவேல். வயது இருபத்தைந்து. உடல் இல்லை.
கொச்சியில் கப்பலேறியவனைப் பற்றி
கம்பெனி அனுப்பிய தந்தி: ஆள் கப்பலில் இல்லை.
கரை அதைக் கடல் என்று வாசித்தது.
யாஸ்னா பிறந்தது எண்பத்து மூன்றில்.

போனை ஏட்டின்மேல் பிடித்தாள்.
பழைய உபதேசியாரின் கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை.
எனக்கே பழக நாலு வருடம் ஆயிற்று.
ஓரத்தில் என்ன எண்கள், என்றாள்.
ஆண்டுப் பூசைக் காணிக்கை.
ஐந்து ரூபாய், பத்து, ஐம்பது,
அப்புறம் என் கையெழுத்தில் இருநூறு.
யார் கட்டியது?
எச்சிலை விழுங்கிவிட்டு
"வீட்டுக்காரி" என்றேன்.

போன் ஒரு நொடி யோசித்து என்னவோ சொல்ல
அவள் முகம் தெளிந்தது.
திரும்ப அது தமிழில் கேட்டது:
"தந்தை வாடகை வீட்டிலா வசித்தார்?
அந்த வீட்டின் உரிமையாளரைச் சந்திக்க இயலுமா?
பாக்கி இருந்தால் நான் செலுத்துகிறேன்."

திருத்தியிருக்கலாம்.
பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
பிரகாசி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.
போன் மரியாதையாக மறுபடி கேட்டது,
வாடகை பாக்கி உண்டா என்று.
அவள் என்னைப் பார்த்தாள். வந்தவளைப் பார்த்தாள்.
நெற்றி, மூக்கு, பிறகு கண்
காதில் போய் நின்றுவிட்டது.
கை உப்பைச் சேலையில் துடைத்தாள்.
"எப்பம்?" என்றாள், என்னிடம்.
"ரண்டு வருசம்."
"அதுவரைக்கும் இருந்தாரா?"
போன் இதையும் மொழிபெயர்க்கப் போனது.
யாஸ்னா அதைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

உள்ளே என்ன பேசினார்கள், எந்த மொழியில், தெரியாது.
நான் வெளியே காக்கா விரட்டிக்கொண்டிருந்தேன்,
கருவாட்டுக்கு யாராவது நிற்கவேண்டுமே.

பிரகாசி ஆகஸ்டில்தான் வருவாள், வருடா வருடம்.
இந்த முறை மார்ச் முதல் வாரமே
ஐந்நூறு ரூபாய்த் தாளுடன் நின்றாள்.
"ஒம்பதாம் தேதிக்கு எழுது மக்களே."
எழுதினேன். ரசீது கிழித்தேன்.
"அப்போ ஆகஸ்டு?"
மீதி முந்நூறை
எண்ணிக்கொண்டிருந்தாள்.